தோப்பா, டெபாசிட்டா, கோயமுத்தூரா: படுத்த படுக்கையான பிறகு ஆகும் செலவுக்கு எந்த வழி?

"தோப்பைப் பையன் பேருக்கு எழுதிட்டு அவங்கூடவே இருந்துக்கலாமுங்களா, இல்ல வித்துப்போட்டுக் கோயமுத்தூர்ல அந்த ரிட்டயர்மென்ட் வீட்டுல சேந்துக்கலாமுங்களா?"

பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர்த் தாலுக்காவில், கொழிஞ்சாம்பாறையிலிருந்து மீனாட்சிபுரம் வரைக்கும், தமிழ் பேசும் வீடுகளில் அறுபத்தைந்தைத் தாண்டியவர்கள் கேட்கிற கேள்வி இது. கேட்பவர்களிடம் அநேகமாக இருப்பது ஒரு வீடு, ஒன்றிரண்டு ஏக்கர் தென்னை, சொசைட்டியில் கொஞ்சம் டெபாசிட். பிள்ளைகள் கோவையிலோ பெங்களூரிலோ வளைகுடாவிலோ இருப்பார்கள். 2021 கணக்குப்படி கேரளத்தில் நூற்றில் பதினாறு பேருக்கு மேல் அறுபது வயதைக் கடந்தவர்கள். தமிழ்நாட்டில் பதின்மூன்றுக்கு மேல். இந்தியாவில் முதல் இரண்டு இடமும் இவைதாம். எல்லையில் இருக்கிற நமக்கு இரண்டு பக்கத்துக் கிழத்தனமும் சேர்ந்தே வருகிறது.

கேட்கிற எல்லோரும் ஒரே இடத்தில் இடறுகிறார்கள். இன்றைக்குக் கைத்தடியோடு தோப்புக்குப் போய் வருகிற அப்பாவை மனதில் வைத்து வழியைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அந்த அப்பாவுக்கு எந்த வழியும் நல்ல வழிதான். பக்கவாதம் வந்தோ இடுப்பு முறிந்தோ படுத்துவிட்டவரை, புண் வராமலிருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டிப் போட வேண்டும், ராத்திரியும்தான். அந்த அப்பாவை வைத்து அளந்து பாருங்கள். கீழே சொல்லப்போகிற நான்கு வழியில் இரண்டு அங்கேயே கழன்றுவிடும்.

## எதை வைத்து அளப்பது

முதல் கேள்வி மேலே சொன்னதுதான்: படுத்த பிறகும் இந்த வழி செல்லுமா, ராத்திரிக்கு யார்?

இரண்டாவது: தம்பதியில் ஒருவருக்குச் செலவழித்த பிறகு மற்றவருக்கு மிஞ்சுமா? அநேகமாக முதலில் விழுவது கணவர், அவரைப் பார்ப்பது மனைவி. பார்த்தவர் விழும்போது பார்க்க ஆளும் இல்லை, பணமும் இல்லை. இது நம் ஊரில் திரும்பத் திரும்ப நடக்கிறது.

மூன்றாவது: சரிப்படவில்லையென்றால் திரும்பி வர முடியுமா?

நான்காவது எல்லைக்காரர்களுக்கு மட்டுமான கேள்வி. ரேஷன் கார்டும் பென்ஷனும் பஞ்சாயத்து உதவியும் விலாசத்தோடு ஒட்டியவை. வேலந்தாவளம் செக்போஸ்ட்டைத் தாண்டித் தமிழ்நாட்டில் மகள் வீட்டுக்குப் போனால் எது கூட வரும், எது இங்கேயே நின்றுவிடும்?

ஐந்தாவதை யாரும் கேட்பதில்லை. அதனால் அதைக் கொஞ்சம் விரித்தே சொல்கிறேன். கையெழுத்துப் போட முடியாத நாளில் பணத்தை யார், எப்படி எடுப்பது?

கை மட்டும் விழுந்து நினைவு தெளிவாக இருந்தால் பெரிய சிக்கல் இல்லை. கைநாட்டோ, அதுவும் முடியாவிட்டால் கால் பெருவிரல் ரேகையோ வைத்து, இரண்டு சாட்சிகள் முன்னிலையில் பணம் எடுக்கலாம். சாட்சிகளில் ஒருவர் பேங்க் அதிகாரியாக இருக்க வேண்டும். எழுபது வயது கடந்தவர்களுக்கு வீட்டுக்கே வந்து சேவை தரும்படி ரிசர்வ் பேங்க் 2017இல் சொல்லியிருக்கிறது. நினைவு தப்பினால்தான் வில்லங்கம். "பையனுக்குப் பவர் எழுதிக் கொடுத்திருக்கேனுங்க" என்று தைரியமாக இருப்பார்கள். எழுதிக் கொடுத்தவர் சித்தசுவாதீனம் இழந்தால் சட்டப்படி பவர் முடிந்துபோகும், அதாவது பவர் எதற்காக எழுதினோமோ அந்த நாளில் அது செல்லாது. அப்புறம் கோர்ட்டுக்குப் போய்க் கார்டியன் உத்தரவு வாங்க வேண்டும். நினைவில்லாமல் கிடப்பவர்களுக்குக் கார்டியன் நியமிப்பது எப்படி என்று கேரள ஹைக்கோர்ட் 2019இல் வழிமுறையே வகுத்தது. ஆளாளுக்கு இந்த நிலை வந்ததால்தான் அது தேவைப்பட்டது. மாதச் செலவு ஓடிக்கொண்டிருக்கும்போது வக்கீல் பீஸும் சேர்ந்து ஓடும்.

ஆகவே பணம் கணவன் மனைவி இருவர் பேரிலோ, நம்பகமான பிள்ளையைச் சேர்த்தோ, 'இருவரில் யாரேனும் ஒருவர்' எடுக்கும்படி இருக்க வேண்டும். பிக்ஸட் டெபாசிட்டை முதிர்வுக்கு முன்னால் உடைக்கப் பல பேங்குகளில் இருவர் கையெழுத்தும் கேட்பார்கள். போடும்போதே அதைக் கேட்டுத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள்.

## செலவு எவ்வளவு வரும்

ஊருக்கு ஊர், ஏஜென்சிக்கு ஏஜென்சி மாறும். கணக்கு ஓட்டிப் பார்க்க ஒரு தொகை வேண்டுமே என்பதற்காக, வீட்டோடு தங்கிப் பார்க்கும் ஹோம் நர்ஸுக்கு மாதம் 25,000, டயப்பர், மருந்து, அவர் சாப்பாடு, அவர் லீவில் போகும்போது மாற்று ஆள் எல்லாம் சேர்த்து இன்னொரு 10,000 என்று வைத்துக்கொள்வோம். ஆக 35,000. வருஷத்துக்கு 4.2 லட்சம். ஆண்டுக்கு 8 சதவீதம் விலை ஏறினால் ஐந்து வருஷத்தில் ஏறக்குறைய 24.6 லட்சம். இன்றைக்கு அறுபத்தைந்தில் இருந்து, பத்து வருஷம் கழித்துப் படுத்தால் அந்த 25,000 சம்பளமே 54,000 பக்கம் நிற்கும்.

இதில் ஆஸ்பத்திரிச் செலவைச் சேர்க்கவில்லை. காரணத்தைக் கீழே இன்சூரன்ஸ் பகுதியில் சொல்கிறேன்.

## எந்த வழிக்குப் போனாலும் கூட வருவது

கேரளப் பக்கம் விலாசம் இருப்பவர்களுக்கு ஒரு பெரிய சொத்து உண்டு, அதை அவர்களே சொத்தாக எண்ணுவதில்லை: பஞ்சாயத்துப் பாலியேட்டிவ் யூனிட், அதாவது நோய்த் தணிப்புப் பிரிவு. 1993இல் கோழிக்கோட்டில் ஒரு சிறிய அமைப்பாகத் தொடங்கியது, மலப்புறத்தில் ஊர்க்காரர்களின் தொண்டர் வலையாக விரிந்து, 2008இல் மாநிலக் கொள்கையாகவே ஆனது. இந்தியாவில் இப்படிக் கொள்கை வகுத்த முதல் மாநிலம் கேரளம். இன்றைக்குப் பஞ்சாயத்துதோறும் பாலியேட்டிவ் நர்ஸ் வீட்டுக்கு வருகிறார். சிறுநீர்க் குழாய் மாற்றுவது, படுக்கைப் புண்ணுக்குக் கட்டுப் போடுவது, குடும்பத்தாருக்குச் சொல்லிக் கொடுப்பது எல்லாம் காசில்லாமல் நடக்கிறது. கேன்சர்காரர்களுக்கு மட்டும் என்று நினைத்துக்கொண்டு பலர் கேட்பதே இல்லை. வார்டு மெம்பரிடமோ, ஊர்ச் சுகாதாரப் பணியாளரான ஆஷாவிடமோ சொல்லிப் பெயரைப் பதியுங்கள். ராத்திரி புரட்டிப் போட ஆள் அது தராது. ஆனால் கோவைக்கு ஆம்புலன்ஸ் பிடிக்கிற தடவைகளைக் குறைக்கும்.

தமிழ்நாட்டுப் பக்கம் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் உண்டு. பிரஷர், சுகர் மாத்திரை வீட்டுக்கு வரும். பிசியோதெரபியும் நோய்த் தணிப்புச் சேவையும் அதிலேயே அடக்கம்.

பணமாகப் பார்த்தால் கேரளத்தின் சமூகப் பாதுகாப்புப் பென்ஷன் 2025 நவம்பரிலிருந்து மாதம் 2,000 ரூபாய். தமிழ்நாட்டு முதியோர் உதவித்தொகை 1,200. முழுக்கப் படுக்கையில் இருப்பவரைப் பார்ப்பவருக்கு ஆசுவாசகிரணம் என்று மாதம் 600 ரூபாய் கேரளத்தில் உண்டு, பாக்கி விழுந்து கிடப்பதும் உண்டு. இவையெல்லாம் வருமான வரம்புக்கு உட்பட்டவை. கிடைத்தால் டயப்பருக்கு ஆகும். இதை நம்பி எந்தத் திட்டமும் போட முடியாது.

## வழி 1: தோப்பைப் பிள்ளைக்கு எழுதிவிட்டு அவரோடு இருப்பது

நம் பக்கம் பழக்கமான வழி. வெளியில் இருந்து பார்த்தால் செலவே இல்லாதது போலத் தெரிவதும் இதுதான். உண்மையில் இதில்தான் செலவு ஆழத்தில் கிடக்கிறது.

முதல் செலவு மருமகளுடையது, சில வீட்டில் மகளுடையது. பொள்ளாச்சியில் ஒரு மில்லிலோ கடையிலோ மாதம் 15,000 சம்பளத்துக்குப் போய்க்கொண்டிருந்தவர் மாமனாருக்காக நின்றுவிட்டால், ஐந்து வருஷத்தில் 9 லட்சம் போச்சு, பி.எப். தனி. அந்தப் பணத்தை யாரும் கணக்கில் எழுதுவதில்லை, ஏனென்றால் அது யார் கையிலிருந்தும் போவதாகத் தெரிவதில்லை. பிறகு சொத்துப் பிரிக்கும்போது, பார்த்தவருக்கும் பார்க்காதவருக்கும் சமபங்கு என்று பெரியவர்கள் தீர்ப்புச் சொல்வார்கள். அண்ணன் தம்பி பேச்சுவார்த்தை நிற்பது அங்கேதான்.

"பெத்தவங்களப் பாக்கறதுக்குக் கூலியா?" என்று கேட்பவர்களுக்கு என் பதில்: ஆமாம், கொடுங்கள். வெளி ஆளுக்குக் கொடுக்கத் தயாராக இருக்கும் 25,000இல் பாதியையாவது மாதாமாதம் மருமகள் பேரில் கணக்குத் தொடங்கிப் போடுங்கள். எல்லாப் பிள்ளைகளும் பங்கு போட்டுப் போடட்டும்.

இரண்டாவது விஷயம் பத்திரம். 2007ஆம் வருஷத்துப் பெற்றோர், முதியோர் பராமரிப்புச் சட்டத்தில் 23ஆம் பிரிவு என்று ஒன்று இருக்கிறது: பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு சொத்தை எழுதிக் கொடுத்து, வாங்கியவர் பராமரிக்காவிட்டால், அந்தப் பத்திரத்தை ரத்துச் செய்யச் சொல்லித் தீர்ப்பாயத்தில் மனுப் போடலாம். இதைப் பாதி மட்டும் கேள்விப்பட்டவர்கள் "எப்ப வேணா திருப்பி வாங்கிக்கலாம்" என்று நினைக்கிறார்கள். நிபந்தனை இருந்ததைக் காட்ட வேண்டும் என்று சுப்ரீம் கோர்ட் 2022இல் சொன்னது. 2025 ஜனவரியில் வேறொரு வழக்கில், சட்டத்தின் நோக்கத்தைப் பார்த்து முதியவர் பக்கம் தாராளமாகத்தான் படிக்க வேண்டும் என்றது. இரண்டில் எது நம் வழக்குக்கு வாய்க்கும் என்று பார்த்துக்கொண்டிருப்பதைவிட, பத்திரம் எழுதும்போதே ஒரு வரி சேர்ப்பது எளிது: "எங்கள் இருவரின் ஆயுள்காலம் முழுவதும் உணவு, உறைவிடம், மருத்துவம், பராமரிப்பு அளிக்க வேண்டும், தவறினால் இப்பத்திரம் ரத்து." கூடவே ஆயுள்கால அனுபவ உரிமையையும் நிறுத்தி வையுங்கள், தேங்காய் வருமானமும், மரத்தைக் கள்ளுக்கு விட்டால் வரும் வாடகையும் உங்கள் கைக்கு வரும். எழுத்தர் "அதெல்லாம் எதுக்குங்க, சொந்தப் பிள்ளைதான" என்பார். எழுதச் சொல்லுங்கள்.

ஜீவனாம்சமும் அதே தீர்ப்பாயத்தில் கேட்கலாம். சட்டத்தில் உச்சவரம்பு மாதம் 10,000 ரூபாய், அதாவது மேலே போட்ட 35,000இல் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே. நீங்கள் இருக்கும் மாவட்டத்திலோ பிள்ளை இருக்கும் மாவட்டத்திலோ மனுக் கொடுக்கலாம். அப்பா கேரளத்திலும் மகன் கோவையிலும் இருக்கும் வீட்டுக்கு இது உதவும்.

எழுதிக் கொடுத்த பிறகு சொத்து உங்களுடையதல்ல. அம்மாவின் சிகிச்சைக்கு அரை ஏக்கர் விற்கலாம் என்றால் மகன் கையெழுத்து வேண்டும், அவர் கையெழுத்துப் போடலாமா என்பதை வீட்டில் வேறு பலர் முடிவுசெய்வார்கள்.

இது யாருக்குப் பொருந்தும்? பிள்ளை ஏற்கெனவே அதே வீட்டில் இருந்து, தோட்டத்தையும் பார்த்துக்கொண்டு, மருமகளும் மனமொத்து இருந்தால் இதைவிட நல்ல கவனிப்பு காசுக்குக் கிடைக்காது. அப்படியிருந்தும் செட்டில்மெண்ட் வேண்டாம், உயில் எழுதுங்கள் என்பேன். உயிலை நினைத்தால் மாற்றலாம். சாகும்வரை சொத்து உங்கள் பேரில் இருக்கும். எங்கோ இருக்கும் பிள்ளை "எழுதிக் கொடுங்க, அப்புறம் வந்து பாத்துக்கறேன்" என்றால் இந்த வழிப் பக்கமே போகாதீர்கள்.

## வழி 2: ஒரு துண்டை விற்று டெபாசிட் போட்டு, வீட்டிலேயே ஹோம் நர்ஸ்

நான் பரிந்துரைப்பது இது. ஆனாலும் ஓட்டைகள் உண்டு.

அஞ்சலகத்திலும் பேங்கிலும் இருக்கும் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் ஒருவர் 30 லட்சம் வரை போடலாம். 2023 ஏப்ரல் வரை இது 15 லட்சமாக இருந்தது. 8.2 சதவீத வட்டியில் 30 லட்சத்துக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை 61,500 ரூபாய், மாதத்துக்கு 20,500. ஐந்து வருஷக் கெடு, மேலும் மூன்று வருஷம் நீட்டலாம். ஒரு வருஷம் கழிந்து உடைத்தால் அசலில் 1.5 சதவீதம், இரண்டு வருஷம் கழிந்தால் 1 சதவீதம் பிடிப்பார்கள். வட்டி தானாகவே சேமிப்புக் கணக்குக்கு வந்துவிடும் என்பதால் கையெழுத்துப் பிரச்சினையில் பாதி தீர்கிறது.

நம் 35,000 கணக்கோடு ஒட்டிப் பாருங்கள். வட்டி 20,500 போக மாதம் 14,500 இடிக்கும். விலை ஏற்றத்தையும் சேர்த்தால் ஐந்து வருஷத்தில் அந்த இடைவெளி 12 லட்சத்தைத் தாண்டும். ஆக 30 லட்சம் திட்டத்தில், 12 லட்சம் சுலபமாக எடுக்கும்படி பேங்கில் வைத்தால், ஒருவரின் ஐந்து வருஷப் படுக்கையைத் தாங்கிவிட்டு மற்றவருக்கு 30 லட்சம் மிஞ்சும். கையில் அவ்வளவு இல்லாதவர்கள் 20 லட்சத்துக்குக் கணக்குப் போட்டு, பகலில் மட்டும் ஆள், ராத்திரிக்குக் குடும்பம் என்று பிரித்துக்கொள்ளலாம்.

பணத்தை எங்கே வைப்பது என்பதில் ஒரு எச்சரிக்கை. கேரளப் பக்கத்தில் முக்கால்வாசிப் பேர் பக்கத்துச் சர்வீஸ் கூட்டுறவுச் சங்கத்தில்தான் போடுகிறார்கள். பெயரில் பேங்க் என்று இருந்தாலும் தொடக்கக் கூட்டுறவுச் சங்கங்களுக்கு ரிசர்வ் பேங்கின் துணை நிறுவனம் தரும் 5 லட்ச ரூபாய் டெபாசிட் இன்சூரன்ஸ் கிடையாது. மாநிலத்துக்கென்று தனி உத்தரவாத நிதி இருக்கிறது; அது வேறு. அரை சதவீதம் கூடுதல் வட்டிக்காகப் படுக்கைக்காலப் பணம் முழுவதையும் ஒரே சொசைட்டியில் வைக்காதீர்கள். ஊர்க்காரன் நடத்துகிறான் என்பது பாதுகாப்பு ஆகாது.

நிலம் விற்பதிலும் ஒன்று பாருங்கள். கேரளத்து வில்லேஜ் ஆபீஸ் ரெக்கார்டில் 'நிலம்' என்று இருந்தால் அது நஞ்சைக் கணக்கு. 2008ஆம் வருஷத்து நெல்வயல் பாதுகாப்புச் சட்டத்தால் அதில் நினைத்தபடி வீடு கட்ட முடியாது, வாங்க வருகிறவன் விலையைக் குறைப்பான். 'புரையிடம்' என்று, அதாவது வீடும் தோட்டமும் வைக்கிற மேட்டு நிலமாக இருந்தால் நல்ல விலை. எதை விற்பது, எதை வைத்துக்கொள்வது என்பதை நடமாடும்போதே முடிவுசெய்யுங்கள். ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து விற்கிற நிலம் எப்போதும் மலிவுதான், புரோக்கருக்கும் அது தெரியும்.

இனி ஹோம் நர்ஸ். பெயரில் நர்ஸ் இருந்தாலும் பெரும்பாலோர் பயிற்சி பெற்ற நர்ஸ் அல்ல. குளிப்பாட்டுவது, ஊட்டுவது, டயப்பர் மாற்றுவது, புரட்டுவது அவர்கள் வேலை. ஊசி போட, குழாய் மாற்ற அவர்களை நம்பக் கூடாது. அதற்குத்தான் பாலியேட்டிவ் நர்ஸ். ஏஜென்சிக்குப் பதிவுக் கட்டணமும் கமிஷனும் தனி. ஓணம், கிறிஸ்துமஸ் என்றால் ஊருக்குப் போவார்கள், மாற்று ஆள் வராமல் வீடு திண்டாடும். கனமான ஆண் நோயாளிக்கு ஆண் உதவியாளர் வேண்டும், கிடைப்பது அரிது. இருபத்து நாலு மணி நேரமும் ஒரே ஆளால் முடியாது என்பதையும் மறந்துவிடுகிறார்கள்: அவருக்கும் தூக்கம் வேண்டும், ராத்திரி இரண்டு தடவையாவது வீட்டு ஆள் எழுந்திருக்க வேண்டும். வீட்டில் இன்னொரு ஆளே இல்லாத தனிக் கிழவிக்கு இந்த வழி ஆபத்து. மேற்பார்வை இல்லாத இடத்தில் நகையும் போகும், பட்டினியும் நடக்கும்.

இன்னொன்று. மறதி நோய் முற்றிய அம்மாவுக்குத் தமிழ் மட்டுமே மிஞ்சும். மலையாளம் மட்டும் தெரிந்த பெண் வந்தால் "தண்ணி" என்பது புரியும், "கொறக்களி இழுக்குது" (தசை பிடித்து இழுக்கிறது) என்பது புரியாது. கொஞ்சம் கூடக் கொடுத்தாலும் உள்ளூர் ஆளைப் பிடியுங்கள்.

## வழி 3: விற்றுவிட்டுக் கோவை ஓய்வுக்காலக் குடியிருப்பு

கோவையைச் சுற்றி இப்படிப்பட்ட குடியிருப்புகள் நிறைய. வெளிநாட்டில் பிள்ளைகள் இருப்பவர்களுக்கு இது நிம்மதி: சாப்பாடு, காவல், கூப்பிட்டால் டாக்டர், பேச்சுத் துணை. வீட்டை விலைக்கு வாங்குவது, பெரிய டெபாசிட் கொடுத்துக் குத்தகைக்கு எடுப்பது, மாத வாடகைக்கு இருப்பது என்று மூன்று விதம் உண்டு. மூன்றிலும் மாதாமாதம் பராமரிப்புக் கட்டணமும் சாப்பாடும் தனி. அது வருஷாவருஷம் ஏறும்.

போய்ச் சுற்றிப் பார்ப்பவர்கள் நடைபாதையையும் கோயிலையும் பார்த்துவிட்டு வருகிறார்கள். பார்க்க வேண்டியது ஒப்பந்தத்தில் ஒரே பத்தி: குடியிருப்பவர் தானாக இயங்க முடியாமல் போனால் என்ன? சில இடங்களில் தனிப் பராமரிப்புப் பிரிவு இருக்கும், கட்டணம் வேறு. சில இடங்களில் நீங்களே சொந்தச் செலவில் ஆள் வைத்துக்கொள்ள வேண்டும். அப்படியானால் வழி 2இன் செலவு முழுவதும் இங்கேயும் வரும், அதற்கு மேல் மாதக் கட்டணமும். சில இடங்களில் காலி செய்ய வேண்டியிருக்கும். டெபாசிட் எப்போது திரும்பி வரும், அடுத்த ஆள் வந்த பிறகா என்றும் கேளுங்கள். விலைக்கு வாங்கினால் பிள்ளைகள் விற்கும்போது வயதானவருக்குத்தான் விற்க முடியும் என்ற கட்டுப்பாடு இருக்கலாம், அப்படியானால் விற்க நாளாகும். மத்திய அரசு 2019இல் இந்தக் குடியிருப்புகளுக்கு மாதிரி வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கிறது, அதைப் பின்பற்றுகிறீர்களா என்று கேட்பதில் தப்பில்லை.

பல இடங்களில் சைவம் மட்டும். வாழ்நாள் முழுக்கக் கருவாட்டுக் குழம்பு சாப்பிட்ட மனுஷர் எண்பது வயதில் அங்கே போய் என்ன செய்வார்? சிரிக்காதீர்கள், இதனாலேயே திரும்பி வந்தவர்கள் இருக்கிறார்கள். திரும்பி வர வீடு இருந்தது, அதனால் வந்தார்கள். வீட்டை விற்றுவிட்டுப் போகாதீர்கள். முதலில் ஆறு மாதம் வாடகைக்கு இருந்து பாருங்கள்.

தம்பதியர் இருவரும் ஓரளவு ஆரோக்கியமாக, பக்கத்தில் பிள்ளை யாரும் இல்லாமல், விற்றது போகவும் கையில் 40 லட்சம் மிஞ்சும்படி இருந்தால், பராமரிப்புப் பிரிவு உள்ள இடமாகப் பார்த்துப் போகலாம். தர்ம ஸ்தாபனங்கள் நடத்தும் முதியோர் இல்லங்கள் வேறு வகை. கட்டணம் குறைவு அல்லது இல்லை, ஆனால் பல இடங்களில் நடமாடுகிறவரைத்தான் சேர்ப்பார்கள்.

## வழி 4: வீட்டை வைத்து பேங்கிடம் மாதப் பணம்

ரிவர்ஸ் மார்ட்கேஜ். 2007-08 பட்ஜெட்டில் அறிவித்து, தேசிய வீட்டுவசதி வங்கி விதிமுறை வகுத்தது. அறுபது கடந்தவர் தன் சொந்தச் சம்பாத்திய வீட்டைப் பிணையாக வைத்தால் பேங்க் மாதாமாதம் கொடுக்கும், அதிகபட்சம் 20 வருஷம். வீட்டிலேயே இருக்கலாம், தவணை கட்ட வேண்டாம், வரும் பணத்துக்கு வருமான வரியும் இல்லை. இருவர் காலத்துக்கும் பிறகு வீட்டை விற்றுக் கடனைத் தீர்ப்பார்கள். வாரிசுகள் கடனைக் கட்டி வீட்டை மீட்டுக்கொள்ளவும் செய்யலாம்.

கேட்க நன்றாக இருக்கிறது. கணக்கில் மாதம் 10,000 வீதம் 15 வருஷம் வாங்கினால் கைக்கு வந்தது 18 லட்சம், 10 சதவீத வட்டியில் கடன் 41 லட்சத்தைத் தாண்டும். அதுகூடப் பரவாயில்லை, வீட்டு விலையும் ஏறியிருக்கும். உண்மையான முள் வேறு: இருவரில் ஒருவர்கூட வீட்டில் தொடர்ந்து ஒரு வருஷம் குடியிருக்காவிட்டால் நிரந்தரமாகக் காலி செய்ததாகக் கொண்டு கடனைத் திருப்பிக் கேட்கலாம். பக்கவாதத்துக்குப் பிறகு இருவருமே மகள் வீட்டிலோ பராமரிப்பு இல்லத்திலோ ஒரு வருஷம் இருந்துவிட்டால்? எந்த நிலைமைக்காகப் பணம் தேடினோமோ அதே நிலைமை கடனை முடித்துவிடும். குடும்பச் சொத்தாக வந்த வீட்டுக்கு இது கிடைக்காது. கிராமத்து வீடென்றால் பேங்க் தயங்கும். கோவை டவுனில் சொந்தச் சம்பாத்திய வீடு, வாரிசு இல்லை, தோப்பும் இல்லை என்பவருக்குப் பயன்படும். தோப்புள்ளவருக்கு ஒரு துண்டு விற்பதே மேல்.

## இன்சூரன்ஸ் இதில் எங்கே வருகிறது?

அநேகமாக எங்கேயும் இல்லை. மெடிக்ளெய்ம் ஆஸ்பத்திரியில் சேர்ந்தால் தரும். வீட்டில் படுத்திருப்பதற்குத் தராது; டயப்பரும் தனி நர்ஸ் கூலியும் தராத செலவுப் பட்டியலில் உள்ளவை. 2024 அக்டோபரில் மத்திய அரசு 70 கடந்த எல்லோருக்கும் வருமானம் பாராமல் தொடங்கிய 5 லட்ச ரூபாய் ஆயுஷ்மான் காப்பும் அப்படியே, அட்மிஷனுக்குத்தான். உங்கள் பக்கத்து ஆஸ்பத்திரியில் எந்தக் கார்டு செல்லும் என்பதை நோய் வரும் முன் கேட்டுவையுங்கள்.

ஆனாலும் பாலிசியை விடாதீர்கள். இடுப்பு ஆபரேஷன் செலவு டெபாசிட்டைத் தின்னாமல் காப்பது அதுதான். 65 வயதுக்கு மேல் புதிதாகச் சேர முடியாது என்ற தடையை 2024இல் எடுத்துவிட்டார்கள். மூத்தவர்களுக்குப் பிரீமியத்தை வருஷத்துக்கு 10 சதவீதத்துக்கு மேல் இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையத்தைக் கேட்காமல் ஏற்றக் கூடாது என்று 2025 ஜனவரியிலும், தனிநபர் பாலிசிக்கு ஜி.எஸ்.டி. இல்லை என்று அதே வருஷம் செப்டம்பரிலும் வந்தது.

## ஒரே பார்வையில்

| | பிள்ளைக்கு எழுதுவது | டெபாசிட் + ஹோம் நர்ஸ் | கோவைக் குடியிருப்பு | ரிவர்ஸ் மார்ட்கேஜ் |
|---|---|---|---|---|
| படுத்த பிறகு | ஆள் மனசைப் பொறுத்தது | செல்லும், வீட்டில் இன்னொரு ஆள் இருந்தால் | ஒப்பந்தத்தைப் பொறுத்தது | பணம் குறைவு. வீட்டை விட்டால் நின்றுவிடும் |
| மற்றவருக்கு மிஞ்சுமா | அனுபவ உரிமை எழுதினால் மட்டும் | மிஞ்சும் | கடினம் | இருவர் காலம் வரை வீடு இருக்கும் |
| திரும்பி வர | கோர்ட் வழியாக | எப்போதும் | வீட்டை விற்காவிட்டால் | கடனை அடைத்தால் |
| கையெழுத்து முடியாத நாள் | சொத்து கையில் இல்லை | கூட்டுக் கணக்கானால் சிக்கல் இல்லை | மாதக் கட்டணத்துக்குக் கூட்டுக் கணக்கு வேண்டும் | மாதப் பணம் வந்துகொண்டிருக்கும் |
| மறைந்த செலவு | மருமகள் சம்பளம், உடன்பிறப்புச் சண்டை | கமிஷன், லீவு நாள், ராத்திரி | ஏறும் கட்டணம், விற்கத் தாமதம் | கூட்டு வட்டி |
| கேரளச் சலுகைகள் | பிள்ளை வீடு எல்லைக்கு எந்தப் பக்கம்? | தொடரும் | நிற்கும் | தொடரும் |

## எல்லை தாண்டும்போது

கடைசி வரிசையைப் பற்றி ஒரு வார்த்தை. அப்பாவைக் கொஞ்ச நாளைக்கென்று பொள்ளாச்சிக்கு மகள் வீட்டுக்குக் கூட்டிப் போகிறார்கள். போன உடனே ஆஸ்பத்திரிக் கார்டுக்காக ஆதார் விலாசத்தைத் தமிழ்நாட்டுக்கு மாற்றிவிடுகிறார்கள். ஆறு மாதத்தில் மகளுக்கு முடியாமல் போய்த் திரும்ப அழைத்து வரும்போது பென்ஷனும் பஞ்சாயத்துப் பட்டியலில் பெயரும் தொங்கிக்கொண்டிருக்கும். இனித் திரும்பப் போவதில்லை என்று உறுதியான பிறகே விலாசத்தை மாற்றுங்கள்.

அதுவரை கேரளப் பென்ஷனுக்கு வருஷாந்தர மஸ்டரிங், அதாவது உயிரோடிருப்பதை ரேகை வைத்து உறுதிசெய்வது, தவறக் கூடாது. படுக்கையில் இருப்பவருக்கு அட்சயா மையத்து (அரசு இ-சேவை மையம்) ஆள் வீட்டுக்கே வந்து ரேகை எடுப்பார். ஆனால் வருவது கேரளத்து வீட்டுக்கு. மஸ்டரிங் அறிவிப்பு வரும் சமயத்தில் அப்பா எல்லைக்கு இந்தப் பக்கம் இருக்கும்படி பயணத்தை வைத்துக்கொள்ளுங்கள். ரேகை தேய்ந்து பதியவில்லையென்றால் உள்ளாட்சி ஆபீஸில் உயிரோடிருப்பதற்கான சான்று கொடுக்க வேண்டியிருக்கும். அதற்கு யாரைப் பார்க்க வேண்டும் என்பதை வார்டு மெம்பரிடம் இப்போதே கேட்டு, பாலியேட்டிவ் நர்ஸ் போன் நம்பருக்குப் பக்கத்தில் எழுதிவையுங்கள்.